சளியும் காய்ச்சலும் அறை முழுக்கப் பரவாமல் இருக்க: டியூஷன் சென்டர், விடுதி, சின்ன அலுவலகங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஐப்பசி. மாடியில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் திங்கட்கிழமை 24 பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது 13 பேர். ஒரு பையன் திங்கட்கிழமையே இருமிக்கொண்டுதான் வந்தான். "லேசான சளிதான் சார், புதன்கிழமை டெஸ்ட் இருக்கே" என்றான். வெளியே மழை. நாலு ஜன்னலையும் சாத்திவிட்டு ஏசி போட்டிருந்தோம். நானும் சரி உட்கார் என்று சொல்லிப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமை எனக்கே 102 டிகிரி.

இத்தனைக்கும் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தவன் இல்லை. வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்திருந்தேன். வாரம் தவறாமல் பெஞ்சுகளைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். கை படுகிற இடத்துக்கெல்லாம் செலவு செய்தேன், மூச்சில் போகிற காற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. காய்ச்சலோடு படுத்திருந்த அந்த ஐந்து நாளில் படித்ததும், அப்புறம் இந்த ஒரு வருடத்தில் செய்து பார்த்ததும்தான் இந்த வழிகாட்டி. பத்து முதல் ஐம்பது பேர் வரை ஒரே அறையில் மணிக்கணக்கில் இருக்கிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

1. முதலில் எதிரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து பல அளவுகளில் துளிகள் வருகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் விழாது. பூஜை அறையில் ஏற்றிய ஊதுபத்தியின் வாசனை கூடம் வரைக்கும் வருகிறதல்லவா, அதே மாதிரி அறை முழுக்க மிதந்து பரவும். அம்மையும் காசநோயும் இப்படிக் காற்றில் பரவுகிறவை. கோவிடும் ஃப்ளூவும் பக்கத்திலிருந்து பேசினாலும் தொற்றும், ஒரே அறையின் காற்றை வெகுநேரம் சுவாசித்தாலும் தொற்றும்.

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சௌ நகரில் ஓர் உணவகத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதிய உணவுக்கு உட்கார்ந்தது. அந்த மேசையிலும் இரு பக்கத்து மேசைகளிலும் இருந்தவர்களில் கடைசியில் பத்துப் பேருக்குக் கோவிட். மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றுச் சுழற்சிக்குள் இருந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன்களை மூடி வைத்திருந்தார்கள். பிறகு போய் அளந்து பார்த்தபோது, ஆளுக்கு விநாடிக்குச் சுமார் ஒரு லிட்டர் வெளிக்காற்றுதான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 லிட்டர்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு, போன வருடம் வரை எனக்கும் தெரியாது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. சுவரைத் துளைத்துக்கொண்டு வெளி யூனிட்டுக்குப் போகும் குழாயில் ஓடுவது கேஸ் மட்டுமே. அறையில் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, திரும்ப நம் மேலேயே விடுகிறது, அவ்வளவுதான். சீலிங் ஃபேனும் அப்படித்தான், காற்றைக் கலக்கும், மாற்றாது.

2. உடம்பு சரியில்லாதவர் வராமல் இருக்க வழி செய்யுங்கள்

"காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம்" என்று எழுதி ஒட்டுவது சுலபம். ஆனால் வராமல் போனால் எதை இழப்போம் என்று பார்த்துத்தான் ஆள் வருகிறான். டெஸ்ட் போய்விடும், சம்பளம் பிடிப்பார்கள், மேனேஜர் முகம் சுளிப்பார். அதைச் சரிசெய்யாமல் அறிவிப்பு மட்டும் ஒட்டினால் சுவருக்குத்தான் அழகு.

என் வகுப்பில் இப்போது காய்ச்சலுக்காக விட்ட டெஸ்டைத் தனியாக எழுதிக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம். அன்றைய பாடத்தைப் போனில் பதிவுசெய்து வாட்ஸப்பில் போட்டுவிடுவேன். ஒலி சுமார்தான், ஆனால் பையன் வீட்டில் இருக்கிறான். சின்ன அலுவலகமாக இருந்தால் இருமலோடு இருப்பவருக்கு வீட்டிலிருந்து வேலை, அது முடியாத வேலை என்றால் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வரவைத்து அடுத்த வாரம் ஏழு பேரை இழப்பதைவிட இது மலிவு.

எப்போது திரும்ப வரலாம்? நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற தொல்லைகளும் குறைந்துகொண்டு வர வேண்டும். அதில் "மாத்திரை போடாமலே" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "சார், காய்ச்சல் விட்டுடுச்சு, ஒரு மாத்திரை போட்டு அனுப்பிடுறேன்" என்று அம்மாக்கள் போன் செய்வார்கள். அது மாத்திரை இறக்கிய காய்ச்சல். திரும்பி வந்த பிறகும் ஐந்து நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமாக உட்கார வேண்டும். ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பலாம். அதனால் இந்தப் படி மட்டும் போதாது, இனி வருவதும் வேண்டும்.

3. உங்கள் அறையின் காற்றோட்டத்தை அளந்து பாருங்கள்

முதல் சோதனைக்கு ஓர் ஊதுபத்தி போதும். எப்போதும் வகுப்பு நடப்பது போலவே ஃபேன், ஏசி, ஜன்னல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு ஜன்னல், கதவுப் பக்கமும் கொண்டுபோய்ப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். ஒரு பக்கம் உள்ளே வந்து, எதிர்ப் பக்கம் வெளியே போனால் நல்லது. எங்கேயும் போகாமல் அங்கேயே சுழன்றால் அறையில் காற்றோட்டம் இல்லை.

இந்தச் சோதனையில்தான் என் குட்டு வெளிப்பட்டது. என் அறையில் முன்பே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு, வாங்கி இரண்டு வருடம். எலக்ட்ரீஷியன் அதை ஒரு ஜன்னலுக்கு நேர் மேலே பொருத்தியிருந்தார். ஃபேனைப் போட்டுவிட்டு அந்த ஜன்னலடியில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை ஜன்னலோரமாகவே ஏறி நேராக ஃபேனுக்குள் போகிறது! வெளிக்காற்று ஜன்னலில் நுழைந்து, அறையை எட்டிக்கூடப் பார்க்காமல், மேலே இருக்கிற ஓட்டை வழியாகவே போய்விடுகிறது. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரு சலனமும் இல்லை. ஃபேனை இடம் மாற்றவில்லை. அந்த ஜன்னலைச் சாத்தி, எதிர்ச்சுவரில் இருக்கும் இரண்டைத் திறந்தேன். புகை பெஞ்சுகளைக் கடந்து போனது. செலவு ஓர் ஊதுபத்தி.

இரண்டாவது சோதனைக்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆகும், நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். வெளிக்காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. ஆகவே அறையில் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் அதிகமாக இழுக்கிறோம் என்று பொருள்.

என் அறை 20 அடிக்கு 16 அடி, உயரம் 10 அடி. ஜன்னல் சாத்தி, ஏசி போட்டு, 24 பேர் உட்கார்ந்ததும் மீட்டரை மேசை மேல் வைத்தேன். ஆரம்பத்தில் 480. நாற்பது நிமிடத்தில் 2,600. கணக்குப் போட்டால், ஒவ்வொருவரும் இழுக்கும் 18 மூச்சில் ஒரு மூச்சளவு காற்று ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது முதல் வரிசைப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். 800க்குக் கீழே இருந்தால் நூறு மூச்சுக்கு ஒன்று என்ற கணக்கு வரும், அதுவே நல்ல இலக்கு. 1,000க்குள் வைத்தாலும் பாதகமில்லை. 1,500ஐத் தாண்டினால் எதையாவது திறந்தாக வேண்டும்.

மீட்டர் வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியை வைத்து இந்த வாயுவை அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். மிக மலிவாக வருகிற சிலவற்றில் உண்மையான சென்சார் இருக்காது, வேறு ஏதோ வாயுவை வைத்து ஓர் எண்ணைக் காட்டும். கையில் சானிடைசர் தடவி அதன் பக்கத்தில் நீட்டுங்கள். எண் எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல மீட்டர் மொட்டைமாடியில் 400க்கும் 450க்கும் இடையில் காட்டும்.

4. காற்றுக்கு வழி விடுங்கள்

பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வேடிக்கை பார்க்கவும் வெளிச்சத்துக்கும் அப்புறம்தான், முதல் வேலை காற்று. போர்த்துக்கீசியரிடமிருந்து ஜன்னல் என்ற சொல்லை வாங்கியபோது அந்த வேலையை மறந்துவிட்டோமோ என்னவோ.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2007ல் வெளியானது. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் மணிக்குச் சராசரியாக 28 முறை காற்று மாறியது. காசநோயாளிகளுக்கென்று இயந்திரக் காற்றோட்டத்தோடு கட்டிய நவீன அறைகளில் 12 முறைதான். அதிலும் உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்கள்தான் முன்னால் நின்றன.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஜன்னலுக்கு மேலே இருக்கும் வெண்டிலேட்டரைப் பாருங்கள். ஏசி மாட்டியபோது குளிர் போகக் கூடாது என்று தெர்மாகோலோ அட்டையோ வைத்து அடைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். மழை நாளிலும் சாரல் அடிக்காத ஒரே திறப்பு பெரும்பாலும் அதுதான்.

எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு திறப்பு வேண்டும். ஏசி ஓடும்போதும் ஓர் உள்ளங்கை அகலம் திறந்திருக்கட்டும். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், மறுக்கவில்லை. 22ல் வைத்திருந்ததை 26க்கு மாற்றி, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விட்டால் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் வாங்குங்கள். முதல் செலவு என்று ஒன்று செய்தால் அது இதுவாக இருக்கட்டும். கூரையை ஒட்டி, காற்று உள்ளே வரும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பொருத்த வேண்டும். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றும் என்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே வர வழியில்லாமல் வெளியே மட்டும் தள்ளச் சொன்னால் அது சும்மா இரைந்துகொண்டிருக்கும். வாடகை இடம், சுவரைத் துளைக்க விட மாட்டார்கள் என்றால், ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வைத்து முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். கேலியாகத் தெரியும், வேலை செய்யும்.

ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் நடுவே பத்து நிமிடம், எல்லாக் கதவு ஜன்னல்களும் முழுக்கத் திறந்து, ஏசி நிறுத்தி, எக்ஸாஸ்ட் முழு வேகத்தில். இதைச் செய்யாவிட்டால் ஆறு மணி பேட்ச் விட்ட காற்றில் ஏழரை மணி பேட்ச் உட்காரும்.

கொசு ஒரு நியாயமான கவலை. வலை அடியுங்கள், ஆனால் மாதம் ஒரு முறை கழுவுங்கள். தூசி அடைந்த வலை பாதி சாத்திய ஜன்னலுக்குச் சமம்.

இத்தனையும் செய்த பிறகு என் அறையில் அதே 24 பேரோடு மீட்டர் 900 பக்கம் நிற்கிறது.

5. திறக்கவே முடியாத அறைக்கு ஏர் பியூரிஃபையர்

சாலை இரைச்சல், புகை, கண்ணாடிச் சுவர் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஜன்னலைத் திறக்க முடியாத அறைகள் உண்டு. அங்கே ஹெப்பா வடிகட்டி உள்ள பியூரிஃபையர் உதவும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடிய வடிகட்டி அது. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் சதுர அடியை நம்பி வாங்காதீர்கள், நீங்களே கணக்குப் போடுங்கள்.

என் அறையையே எடுத்துக்கொள்வோம். 20 × 16 × 10 = 3,200 கன அடி. அதை 35.3ஆல் வகுத்தால் சுமார் 90 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது காற்று சுத்தமாக வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023ல் சொன்னது. ஆகவே 90 × 5 = 450. பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கும், கருவி எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதன் அளவு. அது மணிக்கு 450 கன மீட்டர் வர வேண்டும். அந்த எண் அதிகபட்ச வேகத்துக்கானது. அந்த வேகத்தில் அது போடுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியாது, கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. எனவே பெரிது ஒன்றை வாங்குவதைவிட நடுத்தரமானவை இரண்டு வாங்கி நடு வேகத்தில் ஓட்டலாம். பீரோவுக்குப் பின்னால் மூலையில் ஒளித்து வைக்கக் கூடாது. ஓசோன் வெளியிடும் கருவிகள் பக்கமே போகாதீர்கள், ஓசோன் நுரையீரலை எரிச்சலாக்கும்.

பியூரிஃபையர் கிருமித் துகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அது ஓடும்போதும் மீட்டர் எண் ஏறத்தான் செய்யும். கருவி பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

6. முகக்கவசம்: எப்போது, எது

வருடம் முழுக்க எல்லோரும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் போட மாட்டார்கள். இருமல் சளியோடு வந்தவர், ஊரில் காய்ச்சல் பரவும் வாரங்கள், வீட்டில் வயதான பாட்டியோ கைக்குழந்தையோ இருப்பவர்: இந்த மூன்றுக்கும் போதும்.

போடுவது என்று முடிவெடுத்தால் என்95 வகை. இந்தியாவில் ஐ.எஸ். 9473 முத்திரை பார்த்து வாங்கலாம். தலைக்குப் பின்னால் மாட்டும் பட்டை, காதில் மாட்டும் கயிற்றைவிட இறுக்கமாக உட்காரும். மூக்குப் பாலத்தில் இருக்கும் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளையுங்கள், பிறகு பலமாக மூச்சு விடுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. வால்வு வைத்தது வேண்டாம். அது போட்டவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் எதிரில் இருப்பவர்மேல் விடும்.

7. தடுப்பூசிக்கும் ஒரு பருவம் உண்டு

ஃப்ளூ என்றால் குளிர்காலம் என்று வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துப் பழகிவிட்டோம். வட இந்தியாவின் பெரும்பகுதியில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே நம் பக்கம் ஆவணி கடைசியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ போட்டுக்கொள்வது சரியாக இருக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

8. கை கழுவுவது, துடைப்பது, மருந்தடிப்பது

கை கழுவுங்கள், சோப்புப் போட்டு 20 விநாடி. மூக்கைச் சிந்திய கையால் பேனாவைக் கைமாற்றும் பிள்ளைகளுக்கு அது அவசியம். இருமல் வந்தால் உள்ளங்கையில் வேண்டாம், முழங்கை மடிப்பில். தண்ணீர் பாட்டிலை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்தடிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததும் அதைப் பார்த்துப் பல ஊர்களில் வைத்ததும் நினைவிருக்கும். அதே மாதமே மனிதர்கள்மேல் தெளிக்கக் கூடாது, அதனால் பலனில்லை, கெடுதலும் உண்டு என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. இன்றும் அறைக்குள் புகை அடித்துத் தருகிறோம் என்று ஆள் வருவார்கள். அடித்து முடித்து அரை மணியில் ஒருவர் இருமினால் எல்லாம் பழையபடிதான். அந்தப் பணத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வரும்.

9. விடுதி அறைக்கும் மண்டபத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக

வகுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம், விடுதியில் ஓர் இரவு முழுக்க. அதனால் விடுதியில் இரவுக் காற்றோட்டம் முக்கியம். கட்டில்களை இடம் மாற்ற முடியாவிட்டாலும் தலையணையை மாற்றலாம்: ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஐந்தாறு அடி கிடைத்துவிடும். காய்ச்சல்காரருக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வையுங்கள், குளியலறை சேர்ந்ததாக, எக்ஸாஸ்ட் வெளிப்பக்கம் பார்த்ததாக. சாப்பாடு வாசலுக்கு வரட்டும். அது இல்லையென்றால் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு.

கல்யாண மண்டபத்தில் நம் கையில் அதிகம் இல்லை. தாலி கட்டும் ஏசி ஹாலைவிட, பக்கம் திறந்த பந்தியே மேல். வயதானவர்களைக் கதவோரம் உட்கார வையுங்கள்.

10. இரண்டு வாரம் தாண்டிய இருமல் வேறு விஷயம்

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் இருந்தாலோ அதை "சீசன் சளி" என்று விடாதீர்கள். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். காசநோய்க்கான உதவி எண் 1800-11-6666. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள், நம் அறையில் மட்டும் வராது என்று எண்ணக் காரணமில்லை.

வந்துவிட்டால் ஆளை ஒதுக்கிவைக்கத் தோன்றும். அதற்குச் சென்னையே ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகளை வெகுநாள் தங்கவைக்கும் தனி மருத்துவமனை. 1928ல் தொடங்கிய அப்படி ஒன்றின் பெயரைத் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. 1956ல் சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள்: பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மீதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கினால் பரவுவது வேகமாகக் குறைகிறது. ஆபத்து பெரும்பாலும், கண்டுபிடிக்காமல் இருமிக்கொண்டிருந்த அந்த முந்தைய வாரங்களில்தான்.

ஆகவே கூட இருந்தவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். எப்போது திரும்பி வரலாம் என்பதை மருத்துவர் சொல்வார். வந்த அன்று பழைய இடத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.